அப்பாவின் குரலை அவர் வாயிலேயே கொண்டுவந்து வைத்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரின் பொறுமையைப் புகழ்ந்து எழுதுவார்கள். அக்காவிடம் பொறுமை இருந்தது. ஆனால் அதைப் புகழ எனக்குக் கூசுகிறது. அவர் பொறுத்துக்கொண்டது வறுமையையோ நோயையோ மட்டும் அல்ல, நம்மை. இந்த மலரை வாங்கிப் புரட்டும் கைகளில் சில, கல்யாண வீடுகளில் அக்காவைப் பந்தியின் கடைசி இலைக்கு நகர்த்திய கைகள். யாரையும் நோகடிக்க இதை எழுதவில்லை. ஆனால் கழுவித் துடைத்து எழுதப் போவதும் இல்லை. அக்காவுக்குப் பொய் பிடிக்காது. ஒரு பொய்யைப் பிரிப்பதற்காக அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது அனகாபுத்தூரில், ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்த காலம். அப்பாவும் முதலில் தறியில்தான் இருந்தார். பிறகு சைக்கிளில் போகும் தூரத்தில் இருந்த ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்து மேஸ்திரி ஆனார். அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுதி இந்தத் தாளைக் கெடுக்க விருப்பமில்லை. அதன் நாற்றம் மட்டும் போதும். அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தாலும், சோற்றைப் பிசையும்போது விரலிலிருந்து சுண்ணாம்பும் அழுகிய தோலும் கலந்த வாடை வரும். மழைக்காலத்தில் ஆறு பொங்கித் தெருவுக்குள் வரும்போது, கம்பெனிக் கழிவின் நுரை எங்கள் வாசற்படியில் வந்து உட்காரும். அந்த நுரையில் மயிர் ஒட்டியிருக்கும்.

அக்காவுக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவரை அம்மா கூப்பிடக் கூப்பிட, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். பின்னாளில் அக்கா என்னிடம் சொன்னார்: “எல்லாரும் வாயை மட்டும் அசைச்சி வெளையாடுறீங்கன்னு நெனச்சேன். எப்ப நிறுத்துவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

பட்டணத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய காது கேளாதோர் பள்ளியில், விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தார். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள அங்கேதான் பழகினார். பேசவும் செய்வார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அது ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையாக இருக்கும். அந்தக் குரலை எங்கள் சித்தப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் பேசிக் காட்டுவார். அப்பாவின் தம்பியான அவர், அதே கம்பெனிக்கு லாரி ஏற்பாடு செய்துகொடுத்துப் பிழைத்தவர். அவர் பேசிக் காட்டுவார். உறவு முழுக்கச் சிரிக்கும். அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது சிரித்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு கம்பெனியின் கழிவுத் தொட்டியில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் ஆரணிப் பக்கத்துக்காரர். அவருடைய உடலோடு அவர் குடும்பமும் ஊரை விட்டுப் போய்விட்டது. இன்னொருவர் எங்கள் தெரு கோபால் அண்ணன். இருவரும் குடித்துவிட்டுத் தடுமாறித் தொட்டிக்குள் விழுந்தார்கள் என்று கம்பெனி சொன்னது. ஊரும் அதையே சொன்னது. கோபால் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா, இரண்டு பெண் குழந்தைகளோடு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால், “குடிகாரன் பொண்டாட்டி” என்று காதுபடச் சொன்னவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. அவர்தான் அந்தத் தொட்டிக்கு மேஸ்திரி.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் கம்பெனி வளாகத்தில் மேடை போட்டு, பழைய ஆட்களைப் பேச அழைத்தார்கள். அப்பாவும் பேசினார். என்ன பேசினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பூஜைப் பொரிப் பொட்டலம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மறுநாள் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்து அம்மாவிடம் சொன்னார்: “அண்ணன் தண்ணியப் போட்டுட்டு மேடையில கண்டபடி ஒளறிட்டாரு அண்ணி. நான் கால்ல வுழுந்தும் மொதலாளி கேக்கல.”

அம்மா நம்பினார். அப்பா மறுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு குரோம்பேட்டையில் ஒரு மரக்கடையில் வாட்ச்மேனாக ஐந்து வருடம் இருந்து, நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். வாழ்நாளில் குடிக்காத மனிதர், குடித்துவிட்டு வேலையைக் கெடுத்துக்கொண்டவர் என்ற பெயரோடு போனார்.

நான் பி.காம். முடித்ததும் சித்தப்பா என்னை அதே கம்பெனி ஆபீசில் சேர்த்துவிட்டார். “பழசை மறந்துட்டு மொதலாளி பெரிய மனசு பண்ணிருக்காரு” என்றார். நான் அதைப் பெருமையாக நினைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா அதற்குள் மேற்குத் தாம்பரத்தில் தேவராஜ் சாரின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முதலில் கல்யாண ஆல்பத்துக்குப் படம் வெட்டி ஒட்டும் வேலை. பிறகு வீடியோவுக்குப் பெயர் எழுதுவது, தேவையற்ற இடங்களை வெட்டுவது எல்லாம் அவர் கைக்கு வந்தது. தேவராஜ் சாரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா சேர்ந்த முதல் வாரத்தில், “சார், மீசை மறைக்குது” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் சார் மீசையை எடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை வைக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர்கூட உதடு தெரியும்படி அக்கா பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசியதில்லை. அவர் மீசையையே எடுத்தார்.

தொண்ணூற்றேழில் கம்பெனிக்கு வெள்ளிவிழா வந்தது. பட்டணத்திலிருந்து ஆள் வைத்து ஒரு வீடியோ படம் எடுத்தார்கள். முதலாளியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த சின்ன ஃபிலிம் கேமராவில் பழைய விழாக்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தார். அந்தக் கேமராவில் சத்தம் பதிவாகாது, படம் மட்டும்தான். அந்தச் சுருள்களை வீடியோவாக மாற்ற வேண்டும் என்றதும், நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் தேவராஜ் சாரிடம் கொடுத்தேன். ஸ்டூடியோவுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்த பெருமை எனக்கு. சார் அந்த வருடம்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். சுருளை வெள்ளை அட்டையில் ஓட்டி, அதை வீடியோ கேமராவில் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது அக்காவின் வேலை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

“அப்பாவைப் பாத்தேன்.”

“எங்க?”

“சுருள்ல. மேடையில பேசுறார். ‘நான்தான் எறங்கச் சொன்னேன்’னு சொல்றார்.”

நான் சொன்னது இதுதான்: “உனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்.”

“கோபால்னு சொல்றார். பம்புன்னு சொல்றார். குடிக்கலன்னு சொல்றார்.”

“ப-வும் ம-வும் ஒனக்கு ஒண்ணாத்தானே தெரியும்? பம்பா, மாமாவா, பாம்பா? உதட்டைப் பாத்து எப்படிச் சொல்லுவ?”

நான் சொன்னதில் உண்மை இருந்தது. ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். அந்த ஒரு உண்மையை எடுத்து அவர் வாயை அடைத்தேன்.

இதற்கு மேல் எழுதுவதுதான் கஷ்டம். இரண்டு வாரம் கழித்து மேனேஜர் என்னை அழைத்து, “உங்க அப்பா பேசின கேசட் ஏதாவது வீட்ல இருக்கா? பழைய ஸ்டாஃபை எல்லாம் வெள்ளிவிழாப் படத்துல காட்டறோம்” என்று கேட்டார். இருந்தது. தொட்டிச் சாவுகளுக்கு முந்தைய ஆண்டு ஆயுத பூஜையில், அப்பாவுக்குக் குத்துவிளக்குப் பரிசு கொடுத்தபோது அவர் பேசியதை மைக்செட்காரர் பதிவுசெய்து எங்களுக்கு ஒரு பிரதி தந்திருந்தார். அக்கா சொன்னது நினைவில் இருக்கும்போதே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் கட்டுரையில் நான் அருவருப்போடு குறிப்பிடும் மனிதர்களின் வரிசையில் என்னை எங்கே வைப்பது என்று படிப்பவர்களே முடிவு செய்யட்டும்.

விழா குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பன்னீர் தெளித்தார்கள். அம்மாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். பிறகு பெரிய திரையில் படம் ஓடியது. முதலாளி குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார். முதலாளி மரம் நடுகிறார். அடுத்து அப்பா. மைக் முன்னால் நின்று வாயசைக்கிறார். ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் கேட்கிறது. மண்டபமே கைதட்டியது. அம்மா அழுதார்.

அக்கா என் தோளைத் தட்டினார். “என்ன சொல்றார்?”

நான் அவர் முகத்தைப் பார்த்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்: “இந்தக் கம்பெனி எனக்குச் சோறு போட்ட வீடு. முதலாளி எங்களுக்குத் தகப்பன் மாதிரி.”

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

“பொய்” என்றார். அந்தத் தட்டைக் குரல் கைதட்டலுக்கு மேலே எழுந்தது. “வாய் எங்கப்பாது. பேச்சு வேற. பொய்.”

முன்வரிசையிலிருந்து சித்தப்பா திரும்பி, “செவிடு வந்து கொரலைப் பத்திப் பேசுது பாருங்கய்யா” என்றார். சிரிப்பு அலையாகப் பின்வரிசை வரை போனது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். திரையில் அப்பாவின் உதடு மூடும் இடத்தில் குரல் ‘ஆ’ என்று திறந்தது. உதடு திறந்த இடத்தில் குரல் நின்றுபோனது. காது கேட்கும் இருநூறு பேர் அதைப் பார்த்துக்கொண்டு, பிரியாணிக்காகக் காத்திருந்தோம். அன்று அந்தப் பிரியாணியை நான் சாப்பிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

அக்கா மறுநாள் முதல் என்னோடு பேசவில்லை. தேவராஜ் சாரிடம் போய் ஒன்று சொன்னார். அதை சார் பின்னர் எனக்குச் சொன்னார்: “படத்துல வாய் இருக்கு சார், சத்தம் இல்ல. யாராவது சத்தம் வெச்சிருப்பாங்க. ரெண்டும் சேந்தாத்தான் நம்புவாங்க.”

அந்தக் காலத்தில் கம்பெனி விழாக்களுக்கு மைக்செட் போட்டவர் ஏழுமலை அண்ணன். தொழிலை விட்டுவிட்டுப் படப்பையில் மகள் வீட்டில் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா தாம்பரத்திலிருந்து தனியாக பஸ் ஏறி, படப்பை மார்க்கெட்டில் கடை கடையாக எழுதிக் காட்டி விசாரித்து, அவர் வீட்டைக் கண்டுபிடித்தார். அங்கே நடந்ததை ஏழுமலை அண்ணனே அக்காவின் காரியத்தன்று என்னிடம் சொன்னார்.

“அந்தப் பொண்ணு வந்து நின்னு, ‘எங்கப்பா அன்னிக்கி இன்னா பேசினார்’னு கேட்டுச்சி. உங்கப்பாரு ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ளயே மேனேஜர் ஓடியாந்து, மைக்கை ஆஃப் பண்ணு, பேண்டை வாசிக்கச் சொல்லுன்னாரு. நான் வெளிய சத்தம் போடுற கொழா ஹாரனைத்தான் ஆஃப் பண்ணேன். ஆம்ப்ளிஃபயர்ல கேசட்டு ஓடிக்கினே இருந்துச்சி. அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல.”

“பதிமூணு வருஷமா ஏன் சொல்லல அண்ணா?” என்று கேட்டேன்.

“யாரும் கேக்கலியேப்பா. கேக்காத வரிக்கும் நல்லதுன்னு நெனச்சேன். கம்பெனி வேல போனா சோறு ஏது? ஆனா அதை அழிக்கல. மேல வேற பாட்டு பதியல. அது மட்டும் செஞ்சேன்.”

குறைந்தபட்சம் அவர் அதையாவது செய்தார்.

கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தது. தேவராஜ் சார் நாடாவை மெதுவாகத் துடைத்து வேறு கூட்டில் மாற்றினார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், திரையில் பச்சைக் கோடாக மலையும் பள்ளமுமாக வந்தது. அக்கா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். “சத்தத்துக்கு உருவம் இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லல சார்” என்றாராம்.

படத்தையும் சத்தத்தையும் சேர்ப்பது சுலபமாக இல்லை. கேமரா அன்று ஓடிய வேகம் ஒன்று. சாரின் புரொஜெக்டர் ஓடிய வேகம் இன்னொன்று. ஈரத்தில் கிடந்த கேசட் இழுபட்டு மூன்றாவது வேகத்தில் ஓடியது. பேசத் தொடங்கும் முன் அப்பா விரலால் மைக்கை மூன்று முறை தட்டுகிறார். பச்சைக் கோட்டில் அது மூன்று கூர்மையான முனைகளாகத் தெரிந்தது. அங்கே பொருத்தினால், கடைசியில் மேனேஜர் மைக்கைப் பிடுங்கும் ‘டமார்’ சத்தம் படத்துக்கு மூன்று நொடி பிந்தி வந்தது. கடைசியில் பொருத்தினால் தொடக்கம் நழுவியது.

தேவராஜ் சார் ஒரு வழி சொன்னார்: “மூச்சு விடற எடத்துல எல்லாம் சத்தத்தை வெட்டி, துண்டு துண்டா நகர்த்தி வெச்சிடலாம்மா. யாருக்கும் தெரியாது.”

“வெட்டக் கூடாது சார். அவங்க செஞ்சதும் அதானே?”

சத்தத்தில் ஒரு இடத்தைக்கூட அவர் வெட்டவில்லை. நல்லவேளையாகச் சுருள்களைக் கம்பெனியார் இன்னும் திரும்ப வாங்கிப் போகவில்லை. புரொஜெக்டரின் வேகத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகி, அப்பா பேசும் அந்த முக்கால் நிமிடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிடித்தார். முதல் தட்டும் கடைசிப் பிடுங்கலும் ஒன்றாகப் பொருந்தும் வரை எட்டு நாள், தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்தார். இரண்டு முனையும் பொருந்திய பிறகு, நடுவில் அப்பாவின் உதடு மூடும் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். உதடு மூடும்போது பச்சைக் கோடு அடங்க வேண்டும். திறக்கும்போது எழ வேண்டும். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. தேவராஜ் சாரின் காது அதை உறுதி செய்தது. ஆனால் அக்காவுக்கு அது போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பல நாள் கழித்து, அக்கா என்னிடம் பேசினார்.

“ஒன் காது வேணும். வா.”

ஸ்டூடியோவின் பின்னறையில் என்னை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். தான் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். படம் ஓடியது. அப்பா மைக்கைத் தட்டினார். டக், டக், டக். பிறகு பேசினார்.

“தொட்டி பம்பு ரிப்பேரு. ஆளை எறக்கக் கூடாதுன்னேன். மொதலாளி, பம்பு வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்க முடியாது, எறக்குன்னாரு. நான்தான் கோபாலை எறங்கச் சொன்னேன். அவன் குடிக்கல. ரெண்டு பேருமே குடிக்கல. செத்தவன் மேல பொய் சொல்லாதீங்க. பாவத்தை நான் ஏத்துக்குறேன், நீங்களும்...”

மேனேஜரின் கை குறுக்கே வந்தது. பெரிய சத்தம். அதோடு முடிந்தது.

குரல் அப்பாவின் வாயிலிருந்து வந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் கேட்ட குரலும் அவருடையதுதான். ஆனால் அது அவர்மேல் ஒட்டிய அழுக்கு போல இருந்தது. இது அவர் பேசியது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அக்கா கேட்டார்:

“பம்பா, பாம்பா?”

“பம்பு.”

“கோபாலா?”

“கோபால்.”

“மண்டபத்துல போட்ட கேசட்ட நீதானே அவங்களுக்குக் குடுத்த?”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. “வாயால சொல்லு. தல ஆட்டினா எனக்குப் பத்தாது” என்றார். சொன்னேன். என் உதட்டைக் கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டு எழுந்துபோனார். அடுத்த வாரம் நான் வேலையை விட்டேன். அதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் உடம்பு கூசியது; அவ்வளவுதான்.

நாங்கள் முதலில் போனது சரோஜா அக்கா வீட்டுக்கு. அந்தப் படத்தை வீடியோ கேசட்டில் ஏற்றி, டெக் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அம்மாவும் வந்தார். சரோஜா அக்காவும் வளர்ந்துவிட்ட இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ‘அவன் குடிக்கல’ என்ற இடத்தில் பெரிய பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். படம் முடிந்தது. அம்மா, “இந்த மனுசன் எங்கிட்டகூடச் சொல்லலியே” என்று அழுதார். சரோஜா அக்கா அழவில்லை. அக்காவைப் பார்த்து நேராகக் கேட்டார்:

“பெத்த பொண்ணுங்களே அப்பனைக் குடிகாரன்னு நெனச்சி வளந்துச்சிங்க. மேடையில சொன்ன மனுசன் என் வூட்டுக்கு வந்து சொல்லிருக்கக் கூடாதா? நாலு வூடு தாண்டிதானே இருந்தாரு?”

அக்கா அவர் உதட்டைப் பார்த்து முடித்துவிட்டுச் சொன்னார்: “சொல்லிருக்கணும். தப்புதான்.”

அப்பாவுக்காக ஒரு சமாதானமும் அவர் சொல்லவில்லை. அப்பாவும் சுத்தமானவர் அல்ல. இறங்கச் சொன்னது அவர் வாய். ஒரு முறை மேடையில் பேசிவிட்டு, மீதி ஐந்து வருடம் நாலு வீடு தாண்டி வாயை மூடிக்கொண்டு இருந்தார். அக்கா அவர்மேல் வைத்திருந்த பாசம், அதை மறைக்கும் பாசம் அல்ல.

பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக அந்தப் படம் ஓடியது. கம்பெனி ஆட்கள் தேவராஜ் சாரின் ஸ்டூடியோவுக்கு வந்து சத்தம் போட்டார்கள். சார் சுருள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா செய்த கேசட்டைக் கொடுக்கவில்லை. வெள்ளிவிழாப் படத்தில் அப்பா வரும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். வேறு எதுவும் நடக்கவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யார்மேலும் வழக்கு வரவில்லை. சித்தப்பா வாசலில் நின்று, “சோறு போட்டவன் மூஞ்சில சேத்த வாரி அடிச்சிட்டீங்களேடா” என்று கத்திவிட்டுப் போனார். ஆயுத பூஜையன்று, ஹாரன் நின்ற பிறகும் காதில் விழும் தூரத்தில், முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டவர் அவர். பதிமூன்று வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவைக் குடிகாரன் என்று சொன்னவர்.

ஒன்று மட்டும் மாறியது. குழாயடியில் சரோஜா அக்காவுக்கு இடம் விட்டார்கள். அவரைத் திட்டிய அதே வாய்கள், “எங்களுக்கு அப்பவே சந்தேகந்தான்” என்றன. திட்டியதைவிட அதுதான் எனக்கு அதிக வெறுப்பைத் தந்தது.

அடுத்த சில மாதங்களில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. கால் வீங்கியதை வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லை என்று அவருடைய முறையைத் தள்ளிவைத்தார். அன்று முதல் அம்மாவும் நானும் மாறி மாறிக் கூடவே இருந்தோம். கடைசி வாரத்தில் பேச்சுக் குறைந்தது. யாராவது வந்தால் அவர்கள் வாயை மட்டும் பார்ப்பார். ஒரு நாள் சித்தி வந்து, “நீ நல்லாயிடுவ கண்ணு” என்றார். அக்கா என்னைப் பார்த்து, “இவங்க உதடு சொல்றத கண்ணு சொல்லல” என்று சிரித்தார். தை மாதம் ஒரு காலையில், அம்மா தலை வாரிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

காரியத்தன்று அந்தக் கம்பெனியிலிருந்து பெரிய மலர்வளையம் ஒன்று வந்தது. சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வைத்தார். அம்மா எழுந்துபோய் அதை எடுத்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இல்லை. மீசையை எடுத்த தேவராஜ் சாருக்கு. கேசட்டை அழிக்காமல் வைத்திருந்து, கேட்டவுடன் கொடுத்த ஏழுமலை அண்ணனுக்கு. அக்காவுக்கு ஊசி போடும் முன் ஒவ்வொரு முறையும் எதிரில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போட்ட நர்ஸ் அம்மாவுக்கு. கடைசி மூன்று மாதம் தினமும் உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்த சரோஜா அக்காவுக்கு. மற்ற உறவினர்கள் அவரவர் பங்கு என்ன என்பதை அவரவரே அறிவார்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சரோஜா அக்கா வீட்டுக்குப் போய் முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேசட்டைக் கொடுத்தது நான்தான் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். அந்த இடத்தில் என் குரல் நின்றது. “நிறுத்தாத, படி” என்றார். முடிக்கும் வரை தலை குனிந்தே கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு, “வெறும் கோபால்னு போட்டிருக்கியே” என்றார். “அவர் பேரு கோபாலகிருஷ்ணன். முழுசாப் போடு. குடிக்காதவர்னு போடு.”

அவர் பெயர் கோபாலகிருஷ்ணன். குடிக்காதவர்.